கடல்பனிக்குள் வாழும் பாக்டீரியாக்களை எப்படி ஆராய்கிறார்கள்?

ஒரு சின்னச் சோதனையில் தொடங்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரில் 35 கிராம் உப்பைக் கரைத்து, நான்கைந்து சொட்டு நீல மை விட்டு, ஒரு டப்பாவில் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். பக்கத்திலேயே இன்னொரு டப்பாவில் உப்பு போடாத தண்ணீர். மறுநாள் இரண்டையும் எடுத்துப் பாருங்கள். உப்பில்லாத கட்டி கல் மாதிரி இருக்கும். கரண்டியால் சுரண்டினால் வழுக்கும். உப்புக் கட்டி அப்படியில்லை. வெளுத்துப்போய், கொஞ்சம் பொருபொருவென்று, கரண்டிக்கு இடம் கொடுக்கும். தொட்டால் விரலில் ஈரம் ஒட்டும். மை எல்லா இடத்திலும் சீராகப் பரவியிருக்காது. சில இடங்களில் கோடுகோடாகத் திரண்டு கிடக்கும், மற்ற இடங்கள் வெளிறியிருக்கும்.

அந்த நீலக் கோடுகள்தான் இந்தக் கட்டுரையின் களம். ஆர்க்டிக்கிலும் அண்டார்க்டிக்காவைச் சுற்றியும் உறைந்து கிடக்கும் கடலுக்குள் பாக்டீரியாக்கள் குடியிருப்பது அந்த மாதிரிக் கோடுகளில்தான்.

தண்ணீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு படிகமாகின்றன. அந்த அடுக்கில் உப்புக்கு இடமே கிடையாது. சோடியம், குளோரைடு எல்லாம் வெளியே தள்ளப்படும். தள்ளப்பட்ட உப்பு, இன்னும் உறையாமல் மிச்சமிருக்கும் தண்ணீரில் போய்ச் சேரும். அந்தத் தண்ணீர் மேலும் மேலும் உப்பேறிக்கொண்டே போகும். உப்பு ஏற ஏற, அதை உறையவைப்பது கடினமாகிக்கொண்டே போகும். கடைசியில் சுத்தமான பனிப் படிகங்களுக்கு நடுவே, உறைய மறுக்கும் அடர் உப்புநீர் நுண்ணிய பைகளாகவும் கால்வாய்களாகவும் சிக்கிக்கொள்ளும். வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருக்கும்; சாதா உப்புக் கரைசல் முழுக்க இறுக மைனஸ் 21 டிகிரி வேண்டும். விரலில் ஈரம் ஒட்டியது அதனால்தான்.

கடல்நீர் ஏறத்தாழ மைனஸ் 1.8 டிகிரி செல்சியஸில் உறையத் தொடங்கும். ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. உறையும்போது அதில் பெரும்பகுதி வடிந்து கீழே கடலுக்கே போய்விடும். ஓராண்டுப் பனி என்று சொல்லப்படும், ஒரே குளிர்காலத்தில் உருவான பனியில் கிலோவுக்கு நான்கு முதல் ஆறு கிராம் உப்புதான் மிஞ்சும். கேட்க அற்பமாக இருக்கிறது, இல்லையா? ஆனால் அந்த ஆறு கிராமும் பனி முழுக்கப் பரவி இல்லை, அந்தப் பைகளுக்குள் அடைபட்டிருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

அறைகளின் கணக்கு

இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுத்தான் ஆக வேண்டும். ரொம்பச் சுலபமான வகுத்தல்தான்.

ஒரு கிலோ கடல்பனியில் ஆறு கிராம் உப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மைனஸ் 5 டிகிரியில், உறையாமல் இருக்க வேண்டுமானால் அந்த உப்புநீரில் கிலோவுக்கு சுமார் 85 கிராம் உப்பு இருந்தாக வேண்டும். ஆறை 85ஆல் வகுத்தால் 70 கிராம் உப்புநீர். அதாவது பனியின் எடையில் ஏழு சதவீதம் இன்னும் திரவம். மைனஸ் 10 டிகிரிக்குப் போனால் உப்புநீரில் கிலோவுக்கு 140 கிராமுக்கு மேல் உப்பு. ஆறை 140ஆல் வகுக்க, 43 கிராமுக்கும் குறைவு. மைனஸ் 20இல் உப்பு 200 கிராமைத் தாண்டிவிடும். திரவம் 30 கிராமுக்கும் கீழே இறங்கிவிடும்.

குளிர் கூடக் கூட இரண்டு காரியங்கள் சேர்ந்தே நடக்கின்றன: வீடு சுருங்குகிறது, வீட்டுக்குள் இருக்கும் தண்ணீர் கரிக்கிறது. உள்ளே இருக்கும் பாக்டீரியாவுக்குக் குளிர் மட்டும் பிரச்சினை என்று நினைத்தால் பாதியைத்தான் புரிந்துகொண்டிருக்கிறோம். குளிரும் உப்பும் எப்போதும் கைகோத்தே வரும். எனக்கு என்னவோ உப்புதான் கொடுமைக்காரன் என்று தோன்றும்.

இன்னொரு விஷயம். ஒன்றரை மீட்டர் தடிமனுள்ள பனித்தகட்டின் அடிப்பரப்பு கடலைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. அதனால் வெளியே எவ்வளவு குளிர்ந்தாலும் அடியில் மைனஸ் 1.8 டிகிரிதான். மேற்பரப்போ காற்றின் பிடியில் இருக்கிறது; குளிர்காலத்தில் மைனஸ் 20க்கும் கீழே போகலாம். மேலே கம்பளி மாதிரி வெண்பனி விழுந்து மூடியிருந்தால் கொஞ்சம் தேவலை. ஆக, ஒன்றரை மீட்டருக்குள்ளேயே கீழ்த்தளம், நடுத்தளம், மாடி என்று வெவ்வேறு தட்பவெப்பம். கீழ்த்தளம் விசாலமான, கடலோடு போக்குவரத்துள்ள வீடு. மாடி, மூச்சுமுட்டும் உப்பறை.

அறைகளுக்கு இடையே வழி திறந்திருக்கிறதா, அடைந்திருக்கிறதா என்பதற்கும் ஒரு விதி இருக்கிறது. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகக் கணிதவியலாளர் கென்னத் கோல்டனும் அவருடைய சகாக்களும் 1998இல் இதை முன்வைத்தார்கள். பனியின் கன அளவில் உப்புநீர் ஐந்து சதவீதத்துக்குக் கீழே போனால் பைகள் ஒன்றோடொன்று தொடர்பு அறுந்து தனித்தனியாகிவிடும். ஐந்துக்கு மேலே போனால் கால்வாய்கள் இணைந்து, திரவம் மேலும் கீழும் ஓட ஆரம்பிக்கும். கிலோவுக்கு ஐந்து கிராம் உப்புள்ள பனியில் இந்த எல்லை மைனஸ் 5 டிகிரியில் வரும். ஐந்து, ஐந்து, ஐந்து. அதனால் இதற்கு ஐந்துகளின் விதி என்றே பெயர். பரீட்சைக்குப் படிப்பவர்களுக்கு இதைவிட வசதியான விதி கிடைக்காது. பாக்டீரியாவின் பக்கம் நின்று பார்த்தால், இது கதவு பூட்டப்படும் வெப்பநிலை. அதற்குக் கீழே போனால் கையிருப்பில் இருப்பதை வைத்துத்தான் குடித்தனம் நடத்த வேண்டும்; கடலிலிருந்து புது உணவு வராது.

யார் வந்தார்கள், யார் தங்கினார்கள்

குளிர்காலத் தொடக்கத்தில் கடல் மேற்பரப்பில் ஊசி ஊசியாக, தட்டுத் தட்டாகப் படிகங்கள் உருவாகி மேலே மிதந்து வரும். வரும் வழியில் தண்ணீரில் இருக்கும் தூசி, பாசி எல்லாவற்றையும் துடைப்பம் மாதிரி வாரிக்கொண்டு வந்துவிடும். பாசிமேல் ஒட்டியிருக்கும் பாக்டீரியாவும் கூடவே மாட்டிக்கொள்ளும். யாரும் விரும்பி வந்து குடியேறுவதில்லை. பிடிபட்டவர்கள்தான் முதல் குடிகள்.

அதனால் புதிதாக உறைந்த பனியை எடுத்துப் பார்த்தால், கடல்நீரில் யார் இருந்தார்களோ ஏறத்தாழ அவர்களேதான் உள்ளேயும் இருப்பார்கள். நாள் போகப் போகத்தான் கூட்டம் மாறும். திறந்த கடலில் எண்ணிக்கையில் முதலிடம் பிடிப்பது எஸ்.ஏ.ஆர்.11 என்ற குழு. மிகச் சிறிய உடல், மிகக் குறைந்த தேவை. நீர்த்துப்போன கடலில் கிடைக்கும் துளித்துளி உணவை வைத்தே பிழைக்கப் பழகியவை. பனிக்குள் இவற்றுக்குச் சரிப்பட்டு வருவதில்லை. அவற்றின் பங்கு குறைந்துவிடும். பதிலாக, உணவு செழிப்பாகக் கிடைத்தால் சட்டென்று பெருகும் வகைகள் மேலே வரும். காமாபுரோட்டியோபாக்டீரியா வகுப்பில் கால்வெல்லியா, சைக்ரோமோனாஸ், கிளாசியெகோலா போன்றவை. இன்னொரு பக்கம் ஃபிளாவோபாக்டீரியா குழுவில் போலாரிபாக்டர். இரண்டு துருவங்களுக்கும் நடுவே வெப்பக் கடல் முழுக்கக் கிடக்கிறது. இருந்தும் இந்தப் பேரினங்கள் வடக்கிலும் தெற்கிலும் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகின்றன.

பனிக்குள் உணவு ஏது? பாசி கொடுப்பதுதான். வசந்தத்தில் வெளிச்சம் திரும்பியதும், பனியின் அடியிலுள்ள சில சென்டிமீட்டரில் டயாட்டம் என்னும் கண்ணாடி ஓட்டுப் பாசிகள் மண்டும். துளையிட்டு எடுத்த பனித்தூணைத் திருப்பிப் பார்த்தால், மேலே வெள்ளை வெளேரென்று இருக்கும். அடிமுனை மட்டும் பழுப்பாக இருக்கும். நார்வேயின் துருவப் பயணி நான்சென், 1893இல் தொடங்கி ஃபிராம் கப்பலோடு ஆர்க்டிக் பனியில் மிதந்து போன காலத்திலேயே பனிமேல் கிடந்த உருகுநீரை நுண்ணோக்கியில் வைத்து உயிர்களைப் பார்த்தவர். இந்தப் பாசிகள் சும்மா இருப்பதில்லை. சர்க்கரைகளால் ஆன ஒரு கொழகொழப்பைச் சுரந்துகொண்டே இருக்கும். அது பாசிக்கு உப்பிலிருந்தும் கூரிய படிகங்களிலிருந்தும் காப்பு. பாக்டீரியாவுக்கு அதுவே உணவு, ஒட்டிக்கொள்ளும் பசை, குளிருக்குப் போர்வை. பாக்டீரியாக்களும் தங்கள் பங்குக்கு இதே மாதிரிப் பசையைச் சுரக்கும். பசை நிறைந்த கால்வாய் எளிதில் அடைவதில்லை, உப்பும் சட்டென்று வடிந்துபோவதில்லை. குடியிருப்பவர்களே வீட்டின் சுவரை மாற்றிக் கட்டுகிறார்கள் என்று சொன்னால் மிகையில்லை.

இனி உடம்பு. குளிரில் கொழுப்பு இறுகும் என்பது எல்லோரும் பார்த்தது. செல்லைச் சுற்றியுள்ள சவ்வும் கொழுப்பால் ஆனதுதான். அது இறுகிவிட்டால் உள்ளே வெளியே எதுவும் போக முடியாது. அதனால் குளிர்விரும்பிகள், எளிதில் இறுகாத, வளைந்த வடிவமுள்ள கொழுப்பு அமிலங்களைச் சவ்வில் அதிகம் சேர்த்துக்கொள்கின்றன. நொதிகளும் கொஞ்சம் தளர்வான கட்டமைப்போடு இருக்கும்; குளிரில் வேலை செய்யும், சூட்டில் சீக்கிரம் குலைந்துவிடும். உப்பைச் சமாளிக்க, செல்லுக்குள் கிளைசின் பீட்டெய்ன் மாதிரியான, செல்லின் வேலைக்கு இடைஞ்சல் செய்யாத பொருள்களை நிரப்பிக்கொள்ளும். அப்போதுதான் வெளியே இருக்கும் உப்பு, செல்லுக்குள் இருக்கும் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு போகாது. சில வகைகள் பனிப் படிகத்தில் போய் ஒட்டிக்கொண்டு அதன் வளர்ச்சியை மாற்றும் புரதங்களையும் வெளியிடுகின்றன.

குளிர்விரும்பி என்ற சொல்லுக்கு அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ரிச்சர்ட் மொரீட்டா 1975இல் ஒரு வரையறை கொடுத்தார். 15 டிகிரி அல்லது அதற்குக் கீழே நன்றாக வளர வேண்டும், 20 டிகிரிக்கு மேல் வளரவே கூடாது, பூஜ்ஜியத்திலும் வளர வேண்டும். அலாஸ்காவின் வடமுனையில் கடல்பனியிலிருந்து பிரிக்கப்பட்ட சைக்ரோமோனாஸ் இங்ராமி இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது. மைனஸ் 12 டிகிரியில் அது வளர்வதை ஆய்வுக்கூடத்தில் பார்த்தார்கள். ஒன்று இரண்டாக எடுத்துக்கொண்ட நேரம் 240 மணி. பத்து நாள்! நம் குடலில் இருக்கும் ஈ. கோலை வசதியான சூழலில் இருபது நிமிடத்தில் இரண்டாகிவிடும். பத்து நாளுக்கு ஒருமுறை பிரியும் ஒன்றை ஆராய, ஆராய்பவருக்கும் அதே பொறுமை வேண்டும்.

பார்க்கப் போனால் கரைந்துபோகும் வீடு

சரி, இவ்வளவும் எப்படித் தெரியவந்தது? இந்தத் துறையின் உண்மையான தலைவலி இங்கேதான் இருக்கிறது. என்னைக் கேட்டால், கடல்பனி ஆய்வுக் கட்டுரை எதைப் படித்தாலும் முதலில் புரட்ட வேண்டிய பக்கம், பனியை எப்படி உருக்கினார்கள் என்று சொல்லும் பகுதிதான். முடிவில் வரும் எண்களில் பாதி அங்கேயே தீர்மானமாகிவிடும்.

முதல் கட்டம் துளையிடுவது. உள்ளே வெற்றிடமாக இருக்கும் உருளை வடிவத் துரப்பணம். வழக்கமாக ஒன்பது சென்டிமீட்டர் விட்டமுள்ளது. அதைச் சுழற்றி இறக்கினால் பனி நீண்ட தூணாக உள்ளே வந்து சேரும். தூணை வெளியே எடுத்ததும் நேரத்தை வீணாக்கக் கூடாது. அடிப்பகுதியில் இருக்கும் உப்புநீர் உடனே சொட்ட ஆரம்பித்துவிடும். அதனோடு குடிகளும் வழிந்து போய்விடுவார்கள். அதனால் சட்டென்று வெப்பநிலையை அளந்து, ரம்பத்தால் ஐந்து அல்லது பத்து சென்டிமீட்டர் துண்டுகளாக அறுத்து, தனித்தனிக் கிருமிநீக்கிய பைகளில் போட்டுவிடுவார்கள். வெப்பநிலை எடுக்க ஒரு தூண், உப்புக்கு ஒன்று, டி.என்.ஏ.வுக்கு ஒன்று என்று பக்கத்தில் பக்கத்தில் பல தூண்கள் எடுப்பதும் உண்டு. இதில் ஒரு சிக்கல்: அரை மீட்டர் தள்ளி எடுத்த இரண்டு தூண்கள்கூட ஒரே மாதிரி இருப்பதில்லை. மேலே கிடக்கும் வெண்பனியின் தடிமன் கொஞ்சம் மாறினாலே அடியில் வெளிச்சம் மாறும், பாசி மாறும், பாக்டீரியாவும் மாறும்.

இப்போது துண்டு கையில் இருக்கிறது. எண்ண வேண்டுமானாலும் டி.என்.ஏ. எடுக்க வேண்டுமானாலும் அதைத் திரவமாக்க வேண்டும். அப்படியே உருகவிட்டால் என்ன ஆகும்? மைனஸ் 10 டிகிரிப் பனியில் ஒரு பாக்டீரியா இருந்த உப்புநீரில் கிலோவுக்கு 140 கிராம் உப்பு. சுற்றியிருக்கும் சுத்தமான பனியெல்லாம் உருகிச் சேர்ந்ததும், அது ஆறு கிராமாகச் சரிந்துவிடும். செல்லுக்குள் உப்புக்கு ஈடாக நிரப்பி வைத்திருந்த சரக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. வெளியே நல்ல தண்ணீர். தண்ணீர் உள்ளே பாயும். தாங்காத செல்கள் வெடிக்கும். மென்மையான செல்களே முதலில் போய்விடும். தடித்த தோல்காரர்கள் மிஞ்சுவார்கள். பிறகு எண்ணிவிட்டு, பனிக்குள் தடித்தோல்காரர்களே அதிகம் என்று எழுதினால் எப்படி?

இதற்கு வழக்கமான மாற்று, வடிகட்டிய கடல்நீரைச் சேர்த்து உருக்குவது. உப்பு அவ்வளவு மோசமாகச் சரியாது. ஆனால் வடிகட்டியின் துளை 0.2 மைக்ரோமீட்டர்; வைரஸ்களும் தண்ணீரில் மிதக்கும் டி.என்.ஏ. துணுக்குகளும் அதில் தப்பிவந்துவிடும். கடலின் ஆட்கள் பனியின் ஆட்களோடு கலந்துவிடும் ஆபத்து. போதாக்குறைக்கு, மாதிரி நீர்த்தும் போகிறது. அதனால் எண்ணிப் பார்க்கத்தான் என்றால் கடல்நீர் சேர்ப்பார்கள், டி.என்.ஏ. ஆய்வுக்கு நேரடியாக உருக்குபவர்களும் இருக்கிறார்கள். இரண்டு முறையில் எடுத்த முடிவுகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும்.

நேரமும் ஒரு பிரச்சினை. பொதுவாக இருட்டில், நான்கு டிகிரி வாக்கில் உருக்குவார்கள். பெரிய துண்டு கரைய ஒரு நாள் முழுக்க ஆகலாம். அந்த ஒரு நாளும் பாக்டீரியா உயிரோடுதான் இருக்கிறது. மாதக்கணக்கில் குளிரில் முடங்கிக் கிடந்ததற்குத் திடீரென்று சூடு (நான்கு டிகிரி அதற்குக் கோடைகாலம்தான்), நல்ல தண்ணீர், கரைந்துவந்த உணவு. அது என்ன மரபணுக்களை இயக்குகிறது என்று அறிய ஆர்.என்.ஏ.வை எடுத்தால், பனிக்குள் நடந்ததைப் பார்க்கிறோமா, பாத்திரத்துக்குள் நடந்ததைப் பார்க்கிறோமா என்ற சந்தேகம் வந்துவிடும்.

உருக்காமலேயே எடுக்க ஒரு வழி உண்டு. பனியின் பாதி ஆழம் வரை மட்டும் துளையிட்டு, மேலே மூடி போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். சுற்றியுள்ள கால்வாய்களிலிருந்து உப்புநீர் மெல்லக் கசிந்து குழிக்குள் சேரும். அதை உறிஞ்சி எடுத்துக்கொள்ளலாம். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் கசிந்து வருவது ஓடக்கூடியவர்கள் மட்டும்தான். சுவரிலும் பசையிலும் ஒட்டிக்கொண்டவர்கள் வர மாட்டார்கள். கால்வாய்ச் சுவர்களின் பரப்பு ஒரு கிலோ பனியிலேயே சில சதுர மீட்டர் வரை போகும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒட்டிக்கொள்ள இடத்துக்குப் பஞ்சமில்லை. அதுபோக, கதவு பூட்டிய கடுங்குளிரில் குழிக்குள் எதுவும் கசியாது.

இந்தச் சிக்கலை நேருக்கு நேராக எதிர்கொண்டவர்கள், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜோடி டெமிங்கின் குழுவினர். அந்தக் குழுவில் இருந்த கேரன் யுங்கும் சகாக்களும் நுண்ணோக்கியையே குளிரறைக்குள் கொண்டுபோய்விட்டார்கள். பனியை மெல்லிய சீவலாக்கி, டி.என்.ஏ.வில் ஒட்டி நீலமாக ஒளிரும் டாபி என்ற சாயத்தைச் செலுத்தி, உருகாத பனிக்குள்ளேயே பாக்டீரியா எங்கே இருக்கிறது என்று பார்த்தார்கள். உப்புநீர்ப் பைகளுக்குள், சுவரோரம், துகள்களோடு ஒட்டியபடி நீலப் புள்ளிகள் தெரிந்தன. 2004இல் வெளியான ஆய்வில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பனியைத் தூளாக்கி, அதே குளிரும் அதே உப்பும் உள்ள கரைசலில் போட்டார்கள். அதிர்ச்சி ஏதும் இல்லாமல் செல்கள் வெளியே வந்தன. மூச்சு விடும் செல்லை மட்டும் சிவப்பாக ஒளிரச் செய்யும் இன்னொரு சாயத்தைப் போட்டுப் பார்த்தால், ஆர்க்டிக் குளிர்காலப் பனியில் மைனஸ் 20 டிகிரியிலும் சில பாக்டீரியாக்கள் இயங்கிக்கொண்டிருந்தன. அப்படி இயங்கியவை பெரும்பாலும் எதிலாவது ஒட்டிக்கொண்டிருந்தவை. கசிந்து வரும் உப்புநீரை மட்டும் எடுத்துப் பார்த்திருந்தால் யாரை விட்டிருப்போம் என்பது இதிலிருந்து தெரியும்.

எண்ணுவதும் பெயர் கேட்பதும்

எண்ணுவது பழைய, நம்பகமான வேலை. உருகிய நீரை நுண்துளை வடிகட்டியில் ஊற்றி, சாயமிட்டு, புறஊதா ஒளியில் புள்ளிகளை எண்ணுவார்கள். ஒரு மில்லிலிட்டர் உருகுநீரில் ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் வரை என்பது சாதாரணம். பாசி மண்டிய அடிப்பகுதியில் அதற்கும் மேலே போகும்.

ஆனால் இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். உருகுநீரில் மில்லிலிட்டருக்கு ஒரு லட்சம் என்றால், ஒரு லிட்டரில் பத்துக் கோடி. பனியாக இருந்தபோது அந்தப் பத்துக் கோடியும் எங்கே இருந்தது? நாம் முன்னே கணக்குப் போட்ட அந்த 43 கிராம் உப்புநீரில். அப்படியானால் அங்கே மில்லிலிட்டருக்கு இருபது லட்சத்துக்கு மேல்! கடல்நீரைவிட நெரிசல். வைரஸ்களும் அதே இடத்தில் அதே நெரிசலில் இருக்கின்றன. பாக்டீரியாவும் அதைத் தாக்கும் வைரஸும் முட்டிக்கொள்ளும் வாய்ப்பு கடலைவிட அதிகம். மரபணுக்கள் கைமாறுவதற்கும் அது வசதியான இடம்தான்.

அப்புறம் பெயர் கேட்க வேண்டும். எல்லா பாக்டீரியாவிலும் 16எஸ் ஆர்.ஆர்.என்.ஏ. என்ற மரபணு உண்டு. புரதம் செய்யும் இயந்திரத்தின் ஒரு பாகத்துக்கான குறிப்பு அது. அதில் சில இடங்கள் எல்லா வகையிலும் ஒன்றுபோல இருக்கும், சில இடங்கள் வகைக்கு வகை மாறும். ஒன்றுபோல இருக்கும் இடத்தைப் பிடியாக வைத்து, பி.சி.ஆர். மூலம் அந்தத் துண்டைப் பெருக்கி, மாறும் இடத்தைப் படித்தால் யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடலாம். வீட்டு வாசலில் மாட்டிய பெயர்ப்பலகை மாதிரி. பெயர்ப்பலகை மாதிரியே குறைகளும் உண்டு. உள்ளே ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று அது சொல்லாது. குளிரில் இறந்த செல்லின் டி.என்.ஏ.வும் நாள்கணக்கில் கெடாமல் கிடக்கும். சில வகைகளில் இந்த மரபணு ஒன்றுக்கு மேற்பட்ட பிரதிகளாக இருப்பதால், ஒரே ஆள் பத்துப் பேராகத் தெரியலாம்.

என்ன வேலை செய்யக்கூடியவர்கள் என்று தெரிய, மாதிரியில் உள்ள மொத்த டி.என்.ஏ.வையும் படித்துப் பார்ப்பார்கள். ஆய்வுக்கூடத்தில் வளர்ப்பதும் இங்கே இன்னும் மதிப்புள்ள வழி. கடல்நீர் பாக்டீரியாவில் நூற்றுக்கு ஒன்றுகூடத் தட்டில் வளராது என்பது நுண்ணுயிரியலாளர்களின் பழைய புலம்பல். கடல்பனி பாக்டீரியாக்கள் அவ்வளவு முரண்டு பிடிப்பதில்லை. சத்துள்ள உணவுக்குப் பழகியவை என்பதால் தட்டில் போட்டாலும் கணிசமாக வளர்கின்றன. குளிரில் வளர்க்க வேண்டும், வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். கால்வெல்லியா சைக்ரெரித்ரேயா 34எச் என்ற வகையின் முழு மரபணுத் தொகுதி 2005இல் வெளியானது. அது எடுக்கப்பட்டது ஆர்க்டிக் கடலடி வண்டலிலிருந்து. இருந்தாலும் அதன் சொந்தக்காரர்கள் பனிக்குள் சகஜம் என்பதால், குளிர் வாழ்க்கையைப் படிக்க அதுதான் பாடப்புத்தகம் மாதிரி ஆகிவிட்டது.

கலப்படத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட முடியாது. பனியின் நடுப்பகுதியில் உயிர்கள் குறைவு. துரப்பணத்தின் பல்லில் ஒட்டிய மேற்பரப்புப் பாக்டீரியா, கையுறை, ஆய்வுக்கூடத்தில் பயன்படுத்தும் ரசாயனங்களில் ஏற்கெனவே இருக்கும் டி.என்.ஏ. என எது கொஞ்சம் புகுந்தாலும் முடிவு மாறிவிடும். அதனால் தூணின் வெளித்தோலைச் சுத்தமான கத்தியால் சீவி எறிந்துவிட்டு, உள்பகுதியை மட்டும் எடுப்பார்கள். மாதிரியே போடாத வெற்றுக் குப்பி ஒன்றையும் எல்லாக் கட்டங்களிலும் கூடவே நடத்திப் பார்ப்பார்கள். அந்த வெற்றுக் குப்பியில் என்ன வந்தது என்று சொல்லாத கட்டுரையை நான் கொஞ்சம் தள்ளிவைத்தே படிப்பேன்.

இரண்டு துருவங்கள், இரண்டு பனிகள்

ஆர்க்டிக் நிலத்தால் சூழப்பட்ட கடல்; அண்டார்க்டிக்கா கடலால் சூழப்பட்ட நிலம். தெற்கில் செப்டம்பரில் ஏறத்தாழ 180 லட்சம் சதுர கிலோமீட்டர் கடல் உறைந்து, பிப்ரவரிக்குள் பெரும்பகுதி கரைந்துவிடும். அங்கே பழைய பனி குறைவு. பனிமேல் வெண்பனி கனமாக விழும். அந்தப் பாரத்தில் தகடு அமிழ்ந்து, கடல்நீர் மேலேறி வெண்பனியை நனைக்கும். அதனால் அண்டார்க்டிக்கில் மாடியிலும் செழிப்பான குடியிருப்பு உண்டு. ஆர்க்டிக்கில் கோடையில் மேற்பரப்பில் நல்ல தண்ணீர்க் குட்டைகள் தேங்கி, உள்ளே இறங்கி, உப்பைக் கழுவிக்கொண்டு போகும். பல கோடை தாண்டிய பனி உப்பு வடிந்து வெளிறிப்போயிருக்கும்.

அந்தப் பழைய பனிதான் இப்போது குறைந்துகொண்டே வருகிறது. 2012 செப்டம்பரில் ஆர்க்டிக் கடல்பனி சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டருக்குச் சுருங்கியது. செயற்கைக்கோள் பதிவுகளில் அதுவே மிகக் குறைந்த பரப்பு. அதே கோடையில் ஜெர்மனியின் போலார்ஸ்டெர்ன் ஆய்வுக்கப்பல் மத்திய ஆர்க்டிக்கில் இருந்தது. பனியின் அடியில் சடைசடையாகத் தொங்கும் மெலோசிரா ஆர்க்டிகா என்ற டயாட்டம், பனி உருகியதும் பிடி விட்டு, நான்கு கிலோமீட்டருக்கும் ஆழமான கடலடியில் போய்க் குவிந்து கிடந்ததைப் படம்பிடித்தார்கள். பனிக்குள்ளேயே பாக்டீரியா தின்று மூச்சாக வெளிவிட்டால் கார்பன் மேலேயே சுற்றும்; தின்பதற்குள் மூழ்கிவிட்டால் ஆழத்துக்குப் போய்விடும். எது எவ்வளவு என்ற கணக்கில் பாக்டீரியாவின் பசியும் வேகமும் சேர்ந்துதான் வரும்.

நீண்ட காலமாக இந்த ஆய்வு வசந்தத்திலும் கோடையிலுமே நடந்தது. கப்பல் போவதற்கு அப்போதுதான் வழி இருக்கும் என்பது எளிய காரணம். இந்த இடைவெளியை நிரப்ப, போலார்ஸ்டெர்ன் 2019 இலையுதிர்காலத்தில் ஒரு பனித்தகட்டோடு தன்னைக் கட்டிக்கொண்டு, 2020 அக்டோபரில் கரை திரும்பும் வரை ஏறக்குறைய ஓராண்டு ஆர்க்டிக்கில் இருந்தது. அந்தப் பயணத்துக்கு மோசைக் என்று பெயர். துருவ இருட்டில், தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில், கரடி வருகிறதா என்று ஒருவர் துப்பாக்கியோடு காவல் நிற்க, இன்னொருவர் தூண் எடுத்தார். குளிர்காலப் பாக்டீரியா என்பது அந்தச் சூழ்நிலையில் கிடைக்கும் தரவு.

தூணை எடுத்ததும் பனியில் ஒரு துளை மிஞ்சும். அடியிலிருந்து கடல்நீர் அதில் ஏறி, பனிமட்டத்துக்குச் சற்றுக் கீழே வந்து நிற்கும். குளிர்காலமாக இருந்தால் சிறிது நேரத்திலேயே அதன்மேல் மெல்லிய ஆடை கட்டத் தொடங்கும். ஊசிப் படிகங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும், நடுவே உப்புநீர் சிக்கும், உப்புநீரில் கடலிலிருந்து இப்போதுதான் ஏறிவந்த பாக்டீரியாக்கள் இருக்கும். அவற்றில் எஸ்.ஏ.ஆர்.11தான் அதிகமாக இருக்கும், முதல் சில நாள்களுக்கு.